எடை குறைந்த திசை அன்ரனா: நீங்களே செய்து கொள்ளலாம்

மீள்குடியேறிய கிராமங்கள் சிலவற்றில் தொலைபேசிக் கோபுரம் தொலைவில் உள்ளது. புயல், வெள்ளக் காலங்களில் அதுவும் செயலிழக்கலாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் தென்கரையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை வானொலி மூலம் செய்தி அனுப்பினர். அயற்கிராமங்களுடன் பேச 2 மீற்றர் அலைவரிசையும் (144–146 மெகாஹேர்ட்ஸ்) கைப்பெட்டி ஒன்றும் உதவும். அதன் எட்டும் தூரத்தைக் கூட்டும் அன்ரனா ஒன்றைச் செய்யும் முறை இங்கு தரப்படுகிறது.

ஏன் திசை அன்ரனா?

கைப்பெட்டியின் சிறிய அன்ரனா சுற்றிவர எல்லாப் பக்கமும் அலையைப் பரப்பும். அரிக்கன் லாம்பின் பின்னால் தகடு வைத்தால் முன்பக்கம் வெளிச்சம் கூடும் அல்லவா? திசை அன்ரனாவும் அப்படித்தான். பெட்டியின் வலு கூடுவதில்லை. உள்ள வலு ஒரு பக்கம் திருப்பப்படுகிறது. மூன்று கோல் அன்ரனா முன்திசையில் சாதாரண இருமுனை அன்ரனாவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவைத் தரும். பெறும்போதும் இதே நன்மை உண்டு.

தேவையானவை

25 மி.மீ. அகலமான உருக்கு அளவுநாடா (5 மீற்றர், சுருள் பழுதானதும் உதவும்), முக்கால் அங்குலப் பி.வி.சி. குழாயும் இணைப்புகளும், ஹோஸ் கிளிப்புகள், 12.5 செ.மீ. செப்புக் கம்பி, 50 ஓம் கோஅக்சியல் வயர். ரீவி அன்ரனா வயர் 75 ஓம் ஆகையால் அதைத் தவிர்க்கவும்.

கவனம்: கம்பி, தகடு தேடிக் கைவிடப்பட்ட வளவுகளுக்கோ காடுகளுக்கோ செல்ல வேண்டாம். துப்புரவு செய்யப்படாத நிலத்தில் கண்ணிவெடி இருக்கலாம். பொருட்களைக் கடையிலேயே வாங்குங்கள்.

செய்முறை

1. நாடாவை வெட்டுங்கள்: பின்கோல் 106 செ.மீ., நடுக்கோலுக்கு 45.5 செ.மீ. துண்டுகள் இரண்டு, முன்கோல் 90 செ.மீ.

2. குழாயில் பின்கோலுக்கும் நடுக்கோலுக்கும் இடையே 20.5 செ.மீ., நடுக்கோலுக்கும் முன்கோலுக்கும் இடையே 32 செ.மீ. விட்டுப் பூட்டுங்கள். நடுக்கோலின் இரு துண்டுகளுக்கு நடுவே 2.5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், அவை ஒன்றையொன்று தொடக்கூடாது.

3. அந்த இடைவெளியின் இரு ஓரங்களிலும் நாடாவின் வர்ணத்தைச் சுரண்டுங்கள். வயரின் உட்கம்பியை ஒரு துண்டிலும் வெளிப்பின்னலை மற்றதிலும் ஈயத்தால் பற்றவையுங்கள்.

4. செப்புக் கம்பியை யு வடிவில் வளைத்து, அதே இரு இடங்களிலும் ஒவ்வொரு முனையைப் பற்றவையுங்கள். வயருக்கும் அன்ரனாவுக்கும் பொருத்தத்தை ஏற்படுத்துவது இதுவே.

5. நாடாவின் கூரிய முனைகளை இன்சுலேசன் ரேப்பால் மூடுங்கள். பிள்ளைகளின் கண்ணில் படக்கூடும்.

மேலும் திருத்துவதற்கு

நிலையலை விகித மானியை இடையில் பூட்டி, குறைந்த வலுவில் சோதியுங்கள். நடுக்கோலின் கிளிப்புகளைத் தளர்த்தி, இரு துண்டுகளையும் சம அளவில் உள்ளே அல்லது வெளியே நகர்த்துங்கள். விகிதம் 1.5 இற்குக் குறைந்தால் போதுமானது. இரண்டைத் தாண்டினால் முதலில் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள்.

அன்ரனாவுக்கு அருகில் வயரை ஐந்தாறு சுற்றுகளாகச் சுருட்டிக் கட்டினால் வயர் வழியே அலை கசிவது குறையும். கைப்பெட்டிகளுடன் பேசும்போது கோல்கள் நிலைக்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் ஒலி பெரிதும் குறையும். முன்கோல் எதிராளி இருக்கும் திசையை நோக்கட்டும். திசை தெரியாவிட்டால் மெதுவாகச் சுற்றித் திருப்பி, ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

நினைவிற் கொள்க

• தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதிப்பத்திரம் இன்றி ஒலிபரப்புவது குற்றம். பரீட்சையில் சித்தியடைந்தே அதைப் பெறலாம். சோதனை ஒலிபரப்பையும் அனுமதி பெற்றவரே செய்ய வேண்டும்.

• மின்கம்பிகளுக்கு அருகில் அன்ரனாவை உயர்த்த வேண்டாம். கம்பத்துடன் அது சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் நில்லுங்கள்.

• இடிமுழக்கம் கேட்டால் அன்ரனாவை இறக்கி, வயரைக் கழற்றுங்கள்.

• சந்தேகத்துக்கிடமான உலோகப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கு 119 இல் அறிவியுங்கள்.