மேடைக்கு ஒன்று, நோட்டீஸ் போர்டுக்கு ஒன்று

துறை சிம்போசியத்துக்குப் போஸ்டரும் அழைப்பிதழும் செய்யும் வேலை யார் தலையில் விழும்? கேன்வாவில் என்றோ ஒருநாள் நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து செய்தவர் தலையில்தான். "நீதான்டா டிசைன். காலையில எச்.ஓ.டி. கிட்ட காட்டணும்" என்று இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் வரும். உடனே லேப்டாப்பைத் திறந்துவிடாதீர்கள். அச்சிட வேண்டிய வாசகம் முழுவதையும் முதலில் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். விருந்தினரின் இனிஷியல், பட்டம், பதவி எல்லாம் அதில் இருக்கட்டும். பொறுப்பாசிரியர் அதில் ஒரு கையெழுத்தும் போடட்டும். டிசைனை நாலு தடவை மாற்றிக்கொள்ளலாம். அச்சான அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரின் இனிஷியல் தப்பாகிவிட்டால், அன்றைக்கு மேடைப் பக்கமே போக முடியாது.

அடுத்தது இடத் தகராறு. கல்லூரி லோகோ, அறக்கட்டளையின் பெயர், தன்னாட்சித் தகுதி, நாக் கிரேடு, தாளாளர் படம், செயலாளர் படம், முதல்வர் படம் என்று வரிசையாக ஏற்றினால் போஸ்டரில் பாதி தீர்ந்துவிடும். நிகழ்ச்சியின் பெயர் கீழே எங்கோ நசுங்கிக் கிடக்கும். இதற்காக யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நம் கல்லூரிகளில் மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு, அது எங்காவது அச்சாகித்தான் தீரவேண்டும். ஆனால் அந்த வரிசை இருக்கவேண்டிய இடம் அழைப்பிதழ். போஸ்டர், பக்கத்துக் கல்லூரி நோட்டீஸ் போர்டின் முன்னால் மூன்று நொடி நிற்கும் மாணவனுக்கு. இரண்டு வேலையையும் ஒரே தாளில் செய்யப் பார்ப்பதுதான் நம் போஸ்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் என்பேன்.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் செய்து, இரண்டையும் சேர்த்தே எச்.ஓ.டி.யிடம் கொண்டுபோங்கள். போஸ்டரை மட்டும் நீட்டினால் "தாளாளர் படம் எங்கே?" என்பார். எல்லாப் படமும் உரிய இடத்தில் இருக்கும் அழைப்பிதழை முதலில் கையில் கொடுத்துப் பாருங்கள், அந்தக் கேள்வி பெரும்பாலும் வராது.

அந்த மூன்று நொடி மாணவனுக்கு என்ன தெரியவேண்டும்? என்றைக்கு, எந்த ஸ்டாப்பில் இறங்குவது, கட்டணம் எவ்வளவு, மதியச் சாப்பாடு உண்டா, ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கக் கடிதம் கிடைக்குமா, ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் உண்டா. "அறிவின் புதிய எல்லைகளை நோக்கி" என்ற வரிக்குக் கொடுத்த இடத்தைப் பேருந்து நிறுத்தத்தின் பெயருக்குக் கொடுங்கள். தொடர்பு எண் விஷயத்தில் கவனம் தேவை. மாணவிகளின் சொந்த எண்ணைப் பொதுச் சுவரில் ஒட்டினால் நிகழ்ச்சி முடிந்து மாதக்கணக்கில் வேண்டாத அழைப்புகள் வரும். துறைக்கென ஒரு சிம் வாங்கிவிடுவது நல்லது.

நிகழ்ச்சியின் பெயர் சின்னதாக இருக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங், திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா எல்லாமே ஒற்றைச் சொல்தான். ஒற்றைச் சொல்லைத்தான் பெரிய எழுத்தில் போடமுடியும்.

இனி தமிழ் எழுத்துரு. பலரும் சறுக்கும் இடம் இதுதான். 'கொ' என்று எழுத, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து 'க' நடுவில் நிற்கவேண்டும். இந்த அடுக்கலைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொண்டாட்டம் துண்டுதுண்டாகிவிடும். ஃபோட்டோஷாப், இன்டிசைன் இரண்டின் புதிய பதிப்புகளிலும் பெயரில் 'வேர்ல்ட் ரெடி' என்று வரும் அமைப்பு ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். டி.டி.பி. கடைகளில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். அங்கே அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத உங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். இரு பக்கத்துக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு: எழுத்தை அவுட்லைனாக மாற்றி பி.டி.எஃப். ஆக அனுப்புவது. மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது, அதனால் மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்த மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை, பவனம், பலூ தம்பி 2 எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைப்புக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று என இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் கேப்பிட்டல் எழுத்து இல்லை. எழுத்தின் அளவையும் தடிமனையும் வைத்துத்தான் ஒன்றைத் தூக்கிக் காட்டமுடியும். 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும், ஆகவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட வரிகளுக்கிடையே கூடுதலாக இடம் விடுங்கள்.

அச்சகத்துக்கு ஏ3 போஸ்டர் என்றால் 297க்கு 420 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட். படங்கள் 300 டி.பி.ஐ. நிறம் சி.எம்.ஒய்.கே. திரையில் கண்ணைப் பறித்த பச்சை தாளில் மங்கித்தான் வரும். திரையில் ஒளி, தாளில் மை என்பதால் அது தவிர்க்க முடியாதது. லோகோவை இணையதளத்திலிருந்து சுட்டுப் பெரிதாக்காதீர்கள், மூலக் கோப்பைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தரம் குறைந்துதான் போய்ச் சேரும்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920. தாள் போஸ்டரை அப்படியே சுருக்கிப் போடாமல் பெயர், தேதி, லிங்க் மட்டும் போதும். கைப்பேசியில் வரும் க்யூஆர் கோடை அதே கைப்பேசியின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? க்யூஆர் தாளுக்கு, வெளிர் பின்னணியில், இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல். கூகுள் ஃபார்மைக் கல்லூரி மின்னஞ்சலில் உருவாக்கினால், வெளியாருக்கு அது திறக்காதபடி அமைப்பு இருக்கக்கூடும். ஒட்டுவதற்கு முன் வேறு கல்லூரி நண்பரைத் திறந்துபார்க்கச் சொல்லுங்கள்.

சாலையோர ப்ளெக்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பொதுச் சுவர்களில் அனுமதியின்றி போஸ்டர் ஒட்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. பக்கத்துக் கல்லூரிகளுக்கு உங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போய், அவர்களின் நோட்டீஸ் போர்டில் இடம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கடைசியாக ப்ரூஃப். நான் மூன்றாமாண்டு படித்தபோது செய்த அழைப்பிதழில் தேதி சரி, கிழமை தப்பு. ஐந்நூறு பிரதிகள். விடுதி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்து "சனி" என்ற துண்டுச்சீட்டை ஒவ்வொன்றாக ஒட்டினோம். நிறத்துக்காக மூன்று நாள் சண்டை போட்ட எங்களில் ஒருவர்கூட நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எண்களை நானே படிப்பதில்லை. டிசைனைப் பார்த்திராத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நாட்காட்டியோடு ஒத்துப்பார்க்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஒட்டியவற்றை நீங்களே போய்க் கழற்றிவிடுங்கள். ஒரு பிரதியை மட்டும் மடிக்காமல் எடுத்துவையுங்கள். முதலில் என்ன கேட்டார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று அதன் பின்புறம் நாலு வரி எழுதிவையுங்கள். டிசைன் வேலைக்கு நேர்முகத்தேர்வு போகும்போது அந்த நாலு வரியைப் பற்றித்தான் கேட்பார்கள்.