சிற்றுருவில் வாழும் சரக்குந்துகள்

நுழையும்முன்

போர் என்றதும் களத்தில் நின்று போரிடும் வீரரே நம் நினைவுக்கு வருகிறார். அவ்வீரருக்கு உணவும் எரிபொருளும் மருந்தும் கொண்டுசேர்ப்பவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வியட்நாம் போரில் சரக்குந்து ஓட்டிய அமெரிக்க வீரர்கள், தம் உயிரைக் காத்துக்கொள்ளத் தாமே சில வண்டிகளை உருவாக்கினர். அவ்வண்டிகள் ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டன. அவற்றைச் சிறிய அளவில் மீண்டும் உருவாக்கி, அவ்வீரர்களின் கையில் அளிப்போர் இருக்கின்றனர். அவர்களுடைய கலையை இப்பாடம் விளக்குகிறது.

சாலையே போர்க்களம்

வியட்நாமின் கிழக்குக் கடற்கரையில் குயி நோன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு வேண்டிய பொருள்கள் அங்குக் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டன. அவை சரக்குந்துகளில் ஏற்றப்பட்டு, 19ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக உள்நாட்டு மேட்டுநிலத்திலுள்ள பிளெய்க்கு நகருக்குச் சென்றன. 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அச்சாலை, ஆன் கே, மாங் யாங் என்னும் இரு கணவாய்களைக் கடந்து செல்கிறது. கணவாய் வளைவுகளில் வண்டிகள் மெதுவாக ஏற வேண்டும். இருபுறமும் புதரும் மரமும் அடர்ந்திருந்தமையால், மறைந்திருந்து தாக்குவோருக்கு அவ்விடங்கள் ஏற்றவையாக அமைந்தன.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், பிளெய்க்குவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வண்டித்தொடர் ஒன்று ஆன் கே அருகே தாக்கப்பட்டது. சில நிமிடங்களே நீடித்த அத்தாக்குதலில் 7 வீரர்கள் உயிரிழந்தனர். 17 பேர் காயமுற்றனர். ஏறத்தாழ 30 வண்டிகள் அழிந்தன அல்லது சேதமுற்றன. வண்டி ஓட்டுவோர் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியையும் ஏந்த முடியாது. தம்மைக் காக்கத் தம்முடன் வரும் காவல் வண்டி ஒன்று வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

வீரர்களே வடிவமைப்பாளர்கள்

போக்குவரத்துப் பிரிவினர் தம்மிடமிருந்த சரக்குந்துகளிலேயே சிலவற்றைக் காவல் வண்டிகளாக மாற்றினர். சரக்கு ஏற்றும் பின்பகுதியைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கினர். இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினர். ஓட்டுநர், துப்பாக்கி வீரர்கள், அவர்களுக்குத் தலைவர் ஒருவர் என ஒரு சிறு குழு அவ்வண்டியில் சென்றது. பத்துச் சரக்குந்துகளுக்கு ஒரு காவல் வண்டி என்பது திட்டம். வீரர்கள் அதனைக் 'கன் டிரக்' என்று அழைத்தனர். நாம் அதனைத் 'துப்பாக்கிச் சரக்குந்து' எனலாம்.

விரைவில் ஒரு சிக்கல் எழுந்தது. பருவமழையில் மணல் மூட்டைகள் நீரை உறிஞ்சிக் கனத்தன. அச்சுமையைத் தாங்க இரண்டரை டன் வண்டிகள் திணறின. ஆகவே, வீரர்கள் பழைய இரும்புக் குவியல்களில் எஃகுத் தகடுகளைத் தேடி எடுத்து, வெட்டிப் பற்றவைத்தனர். பின்னர், ஆற்றல் மிகுந்த ஐந்து டன் வண்டிகளையும் இவ்வாறு மாற்றினர். உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், இடையில் இடைவெளி என இரட்டைச் சுவர் அமைத்தோரும் உண்டு. கவச ஊர்தி ஒன்றின் உடற்பகுதியையே தூக்கிச் சரக்குந்தின்மேல் வைத்தோரும் உண்டு.

இவ்வண்டிகள் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. கிடைத்த தகடு, கையில் இருந்த கருவி, குழுவினரின் அனுபவம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வடிவம் பெற்றது.

வண்டிக்கு ஒரு பெயர்

குழுவினர் தம் வண்டிக்குப் பெயர் சூட்டி, பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் தீட்டினர். 'புரூட்டஸ்', 'கிங் கோப்ரா', 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' என்பன அவற்றுட் சில. தொலைவில் வரும்போதே இன்ன வண்டி என மற்ற ஓட்டுநர்கள் அறிந்துகொண்டனர். தாக்குதல் நிகழும்போது துப்பாக்கிச் சரக்குந்து விலகிச் செல்வதில்லை. தாக்கப்படும் இடத்தை நோக்கியே விரையும். ஆதலால் அப்பெயர்கள் ஓட்டுநர்களுக்கு நம்பிக்கை அளித்தன.

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், ஆன் கே பகுதியில் தாக்குதலுக்குள்ளான வண்டித்தொடர் ஒன்றுக்கு உதவத் துப்பாக்கிச் சரக்குந்துகள் விரைந்தன. சண்டை தணிந்து புறப்படும் வேளையில், 'புரூட்டஸ்' வண்டிக்குள் கையெறிகுண்டு ஒன்று வந்து விழுந்தது. துப்பாக்கி வீரர் லேரி டால் தம் தோழர்களை எச்சரித்தவாறே அக்குண்டின்மேல் பாய்ந்து அதனைத் தம் உடலால் மூடினார். அவர் உயிர் துறந்தார், தோழர்கள் பிழைத்தனர். அவருக்கு வயது 21. அமெரிக்காவின் மிக உயர்ந்த படைத்துறை விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

போர் முடிந்ததும் இவ்வண்டிகளில் பெரும்பாலானவை பேணிக் காக்கப்படவில்லை. தகடுகள் கழற்றப்பட்டன, பல வண்டிகள் மீண்டும் சரக்கு ஏற்றின, பல பழைய இரும்பாயின. வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு எஞ்சி நிற்பது 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' என்னும் ஒரே வண்டி. அது வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் யூஸ்டிஸ் என்னுமிடத்திலுள்ள படைப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மற்ற வண்டிகளில் பணியாற்றியோர் தம் வண்டியை நேரில் காண இயலாது. சிற்றுருக் கலைஞரின் பணி இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றுக்கு முப்பத்தைந்து

படைத்துறை வண்டிகளின் சிற்றுருக்கள் பெரும்பாலும் 1:35 என்னும் அளவில் செய்யப்படுகின்றன. உண்மைப் பொருளில் 35 சென்டிமீட்டராக இருப்பது சிற்றுருவில் 1 சென்டிமீட்டராகும் என்பது இதன் பொருள். ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள சரக்குந்து 20 சென்டிமீட்டராகிறது. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள வீரர் 5 சென்டிமீட்டர் பொம்மையாகிறார். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள தகடு 0.3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகிறது. கலைஞர் ஓர் அளவை மட்டும் தம் விருப்பம்போல் மாற்றினால், முழு வண்டியும் விளையாட்டுப் பொம்மைபோல் தோன்றிவிடும்.

அடிப்படைச் சரக்குந்தின் பிளாஸ்டிக் பாகங்கள் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கின்றன. ஆனால், ஒரு குறிப்பிட்ட வண்டியின் கவசச் சுவர் பெரும்பாலும் பெட்டியில் கிடைப்பதில்லை. அதனைக் கலைஞர் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்ய வேண்டும்.

ஒளிப்படமே வரைபடம்

வரைபடமே இல்லாத வண்டியை எவ்வாறு அளப்பது? வீரர்கள் அந்நாளில் எடுத்த ஒளிப்படங்களே துணை. படத்திலுள்ள பொருள்களில் அளவு தெரிந்த ஒன்றைக் கலைஞர் முதலில் தேடுகிறார். வண்டியின் சக்கரம் அதற்குப் பெரிதும் உதவுகிறது. சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 1 மீட்டர் என்று கொள்வோம். ஒளிப்படத்தில் அது 2 சென்டிமீட்டராகவும் கவசச் சுவர் 2.4 சென்டிமீட்டராகவும் இருந்தால், உண்மைச் சுவரின் உயரம் 1.2 மீட்டர். சிற்றுருவில் அது 3.4 சென்டிமீட்டர். வண்டியை நேர் பக்கவாட்டில் காட்டும் படத்திற்கே இக்கணக்கு பொருந்தும். சாய்வான கோணத்தில் எடுத்த படத்தில் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும், கணக்கு பிழைபடும். எனவே, கலைஞர் பல படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

ஒளிப்படம் விடை கூறாத இடத்தில் வீரரின் நினைவு விடை கூறுகிறது. ஏறும் படி எந்தப் பக்கம் இருந்தது? குண்டுப் பெட்டிகள் எங்கே அடுக்கப்பட்டன? பெயர் எழுதிய வண்ணம் வெள்ளையா, மஞ்சளா? கருப்பு வெள்ளைப் படம் இவற்றுள் கடைசி வினாவுக்கு விடை தராது. அங்கு இருந்தவரே சொல்ல வேண்டும். நினைவும் சில வேளைகளில் தடுமாறும். ஆகவே, நினைவைப் படத்தோடும் படத்தை நினைவோடும் சரிபார்ப்பது கலைஞரின் கடமை.

எந்த ஆண்டின் வண்டி?

அமெரிக்கப் படைவீரர் ஒருவர் வியட்நாமில் பொதுவாக ஓராண்டு பணியாற்றினார். அவர் சென்றபின் வண்டி வேறொருவர் கைக்கு மாறியது. புதியவர் துப்பாக்கியை இடம் மாற்றினார், சுவரை உயர்த்தினார், பெயரைப் புதிதாகத் தீட்டினார். ஒரே பெயருடைய வண்டி 1969இல் ஒரு தோற்றத்திலும் 1971இல் வேறொரு தோற்றத்திலும் இருக்கக்கூடும். வீரர் கேட்பது ஏதோ ஒரு வண்டியை அன்று. தாம் நின்ற வண்டியை. ஒரு தகடு இடம் மாறினாலும் அது அவருடைய வண்டியாகாது.

இறுதியில் வண்ணம் தீட்டப்படுகிறது. அடர்பச்சை வண்ணத்தின்மேல் பிளெய்க்குப் பகுதியின் செம்மண் புழுதி படிந்திருக்க வேண்டும். கலைஞர் செந்நிறப் பொடியைத் தூரிகையால் தொட்டுச் சக்கரங்களிலும் மூலைகளிலும் படியச் செய்கிறார். அடிக்கடி கால் படும் இடங்களில் வண்ணம் தேய்ந்ததுபோல் காட்டுகிறார். பெயரை மட்டும் புழுதி மறைக்காதபடி விடுகிறார்.

சிற்றுரு சொல்வதும் சொல்லாததும்

1968இல் இருபது வயது இளைஞராய் இருந்தவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்த முதியவர். போர்க்களத்தில் நடந்ததைச் சொற்களால் சொல்ல இயலாமல் பல்லாண்டு மௌனமாக இருந்தோர் பலர். மேசைமேல் தம் வண்டி நிற்கும்போது, "நான் இந்த மூலையில் நின்றேன், என் நண்பன் அந்த மூலையில் நின்றான்" என்று பேரனுக்கு விரல் வைத்துக் காட்ட ஓரிடம் கிடைக்கிறது. திரும்பி வராத நண்பனுக்கும் அங்கு ஓரிடம் இருக்கிறது.

எனினும், சிற்றுரு எல்லாவற்றையும் சொல்வதில்லை. அப்போரில் வியட்நாம் மக்களில் பல இலட்சம் பேர் மாண்டனர். புதரில் மறைந்திருந்து தாக்கியவரும் பெரும்பாலும் இளைஞரே. சாலையோரச் சிற்றூர்களில் இரு தரப்புக்கும் இடையே சிக்கியோர் உழவர்களே. சுவரின் உயரத்தையும் வண்ணத்தின் சாயலையும் அளந்துவிடலாம். இழப்பை எந்த அளவிலும் சுருக்க இயலாது. நல்ல சிற்றுரு போரைப் புகழ்வதில்லை. அது, இங்கு மனிதர் சிலர் நின்றனர் என்பதைப் பிழையின்றிச் சொல்கிறது.

சொற்பொருள்

சிற்றுரு – பெரிய பொருளின் சிறிய வடிவம்
கணவாய் – மலைகளுக்கிடையே செல்லும் வழி
கவசம் – உடலையோ ஊர்தியையோ காக்கும் உறை
வண்டித்தொடர் – ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வண்டிகளின் வரிசை
மேட்டுநிலம் – கடல்மட்டத்தினும் உயர்ந்த பரந்த நிலப்பகுதி

கற்றவை கற்றபின்

பலவுள் தெரிக

1. மணல் மூட்டைகளுக்கு மாற்றாக எஃகுத் தகடுகள் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம்
அ) மணல் கிடைக்கவில்லை ஆ) மூட்டைகள் மழைநீரை உறிஞ்சிக் கனத்தன இ) தகடுகள் அழகாக இருந்தன ஈ) மேலிடம் தகடுகளை அனுப்பியது

2. 'சரக்குந்து' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) சரக் + உந்து ஆ) சரக்கு + குந்து இ) சரக்கு + உந்து ஈ) சரம் + குந்து

குறுவினா

1. துப்பாக்கிச் சரக்குந்துகளுக்குப் பெயர் சூட்டியதால் விளைந்த பயன் யாது?
2. ஒளிப்படத்தை மட்டும் நம்பிச் சிற்றுரு செய்ய இயலாமைக்கு இரண்டு காரணங்கள் எழுதுக.
3. 2.1 மீட்டர் அகலமுள்ள வண்டி 1:35 அளவுடைய சிற்றுருவில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?

சிறுவினா

1. 'எந்த ஆண்டின் வண்டி?' என்னும் வினா ஏன் இன்றியமையாதது?
2. 'இழப்பை எந்த அளவிலும் சுருக்க இயலாது' – விளக்குக.

செயல்பாடு

உங்கள் சொந்த ஊரில் முன்பு இருந்து இப்போது மறைந்துபோன வண்டி, கருவி, கிணறு, வீடு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றித் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் தமிழில் கேளுங்கள். அதன் நீளம், உயரம், நிறம், யார் பயன்படுத்தினர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரிடம் கேட்டு விடைகளை ஒப்பிடுங்கள். பின்னர், அதனை ஓர் அளவில் சுருக்கி வரைந்து, பத்து வரிகளில் விளக்கம் எழுதி வகுப்பில் வாசியுங்கள்.