சங்கப் பொறுப்புக்கு நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டப்பிங் கலைஞர் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப மகிழ்ச்சி. பிரசார வேலைக்கு நடுவே ரொனால்ட் ரீகனைப் பற்றிக் கொஞ்சம் படி. அமெரிக்க அதிபராவதற்கு முன் ஹாலிவுட் நடிகர் சங்கத் தலைவராக இருந்த ரீகனைச் சொல்கிறேன்.

1960 மார்ச்சில் அவர் தலைமையில் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தியேட்டருக்காக எடுத்த படங்களை ஸ்டுடியோக்கள் தொலைக்காட்சிக்கு விற்றுச் சம்பாதித்தன. அதில் நடிகர்கள் பங்கு கேட்டார்கள். ஒரு வேலைக்கு இரண்டு கூலியா என்றார்கள் முதலாளிகள். ஆறு வாரம் போராடிய பிறகு உடன்பாடு வந்தது. 1960 முதல் எடுக்கும் படங்களுக்குப் பங்கு உண்டு. 1948-க்குப் பின், 1960-க்கு முன் வந்த படங்களுக்கான உரிமையை விட்டுக்கொடுத்து, 22.5 லட்சம் டாலரை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அந்தப் பணத்தில்தான் தொடங்கின. அதற்கும் முந்தைய படங்களுக்கு ஒன்றுமே இல்லை.

அதை நல்ல ஒப்பந்தம் என்றே சொல்வேன். இன்னும் நடிக்கவே வராதவர்களுக்கும் சேர்த்து வாங்கிய உரிமை அது. ஆனால், அதற்கு விலை கொடுத்தவர்கள் 1930-களிலும் 1940-களிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். அவர்களுடைய படங்கள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தன, காசு மட்டும் வரவில்லை. அந்தக் காலத்து நட்சத்திர நடிகர் மிக்கி ரூனி அதை வெளிப்படையாகவே குறைசொன்னார்.

ரீகனிடம் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. நடிகர்களுக்கு வாய்ப்புப் பேசித்தரும் ஏஜென்சியே தயாரிப்பிலும் இறங்குவதைச் சங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1952-ல் எம்சிஏ ஏஜென்சிக்கு மட்டும் பெரிய விதிவிலக்கு கொடுத்தார்கள். அப்போது தலைவர் ரீகன். அவருடைய ஏஜென்சியும் எம்சிஏதான்! இரண்டே ஆண்டில் அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடரில் தொகுப்பாளர் வேலை அவருக்குக் கிடைத்தது. 1962-ல் இதுபற்றி, வழக்குத் தொடுக்கலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு ஏதும் அவர்மேல் வரவில்லை, பேச்சும் ஓயவில்லை.

2023-ல் அந்தச் சங்கத்தின் வழிவந்த சங்கம் 118 நாள் போராடி, குரலையும் உருவத்தையும் செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்ற ஷரத்தைப் பெற்றது. வாக்களித்தவர்களில் சுமார் 78 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த ஷரத்து போதாது என்று எதிர்த்தவர்களும் உண்டு. உன் மேசைக்கும் இந்தப் பிரச்சினை வரும், குரல்தானே உங்கள் பிழைப்பு.

பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார். எந்த ஷரத்தால் யாருக்கு ஒன்றும் கிடைக்காது என்று குறித்துக்கொள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர்கள் வீடுகளுக்குப் போய் நீயே சொல், திட்டினாலும் உட்கார்ந்து கேள். பதவிக்காலம் முடியும்வரை எந்தத் தயாரிப்பாளரிடமும் உனக்கென்று வாய்ப்புக் கேட்காதே.

அன்புடன்,
அண்ணன்