வாடைக் காற்றும் வல்வைப் பட்டமும்

மார்கழி மாதத்தில் நம் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால் வாடைக் காற்று முகத்தில் அறையும். அந்தக் காற்றையே விளையாட்டுத் தோழனாக்கிக் கொண்டவர்கள் இலங்கைத் தீவின் வடகரையில் வாழும் தமிழ் இளைஞர்கள்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை, சுருக்கமாக வல்வை, கப்பலோட்டிகளின் ஊர். அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை சென்றது. காற்றை அறிந்த அவ்வூரில், தைப்பொங்கல் நாளன்று கடற்கரையில் பட்டப் போட்டி நடைபெறுகிறது. கொக்கு, பருந்து, பாம்பு, எட்டுமூலை எனப் பட்டங்கள் பலவகை. சில பட்டங்களில் 'விண்' பூட்டுவர். வில்போல் வளைத்த பிரம்பில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டினால் அதுவே விண். காற்றில் நார் அதிர, வானமே ரீங்காரமிடும்.

பட்டம் பறப்பது எப்படி? சாய்ந்து நிற்கும் பட்டம் தன்மேல் மோதும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை பட்டத்தை மேலே தூக்குகிறது. சரியான சாய்வைத் தருவது 'முச்சை' எனப்படும் மூன்று கயிற்றுக் கட்டு. அது பிழைத்தால் பட்டம் குத்துக்கரணம் போடும். வாடைக் காற்று தடையின்றித் திறந்த கடலைக் கடந்து வருவதால் சீராக வீசுகிறது. ஆகவே அக்கரை பட்டத்துக்கு ஏற்ற இடமாயிற்று.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் பலர் சேர்ந்து ஒரு பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்திருந்தனர். மற்றவர்கள் கைவிட, விடாமல் பற்றியிருந்த ஒருவரைப் பட்டம் வானில் தூக்கிச் சென்றது. நல்லவேளையாக அவர் உயிர் தப்பினார். பெரிய பட்டத்தின் கயிற்றை ஆளோடு அல்ல, உறுதியான மரத்தோடோ முளையோடோ பிணைத்தல் வேண்டும். மின்கம்பிகளின் அருகே எந்தப் பட்டத்தையும் விடலாகாது. ஈரக் கயிற்றில் மின்சாரம் பாயும்.

பட்டம் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று சிலர் கூறுவர். காற்றுக்கு அந்தப் பேதம் தெரியுமோ? மூங்கில் குச்சி, தாள், நூல், பசை ஆகியவை போதும். வரும் பொங்கல் விடுமுறையில் நீங்களும் ஒரு சிறு பட்டம் கட்டுங்கள். குத்துக்கரணம் போட்டால் வருந்தாதீர்கள். முச்சையை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள். பாடநூலில் படித்த விசையும் எதிர்விசையும் அன்று உங்கள் விரல் நுனியிலேயே விளங்கும்.