திரைக்கு அப்பால் ஓர் ஆசான்

நுழையும்முன்

ஆசிரியரின் அருகமர்ந்து கற்பதே இசைக்கல்வியின் நெடிய மரபு. ஆசிரியர் இல்லாத ஊரில் பிறந்தவருக்கு இசைக்கருவி பயில்வது எட்டாக்கனியாகவே இருந்துவந்தது. அச்சு நூலும் ஒலிநாடாவும் இணையமும் அத்தொலைவைப் படிப்படியாகக் குறைத்தன. தொலைவு குறைந்தபோது கற்பவரின் பொறுப்பும் குறைந்ததா, அன்றிக் கூடியதா? கித்தார் என்னும் இசைக்கருவியை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஆறு தந்திகள்

விரலாலோ சிறு வில்லையாலோ மீட்டி இசைக்கப்படும் நரம்புக்கருவி கித்தார். அதன் ஆறு தந்திகளும், தடித்த தந்தி தொடங்கி மெல்லிய தந்தி ஈறாக, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் சுரங்களுக்குச் சுருதி கூட்டப்படும். வீணையில் இருப்பதைப் போலவே இதன் தண்டின் குறுக்கேயும் மெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. விரல் அழுத்தும் இடத்திற்கேற்ப அதிரும் தந்தியின் நீளம் மாறும்; நீளம் குறையக் குறையச் சுரம் உயரும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். அங்கு அழுத்தினால், அழுத்தாத தந்தியின் சுரமே மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். விரலின் வேலையை எழுதுவதுதான் அரிது. மெட்டுக்கு மிக அருகில், அதன் பின்புறமாக விரல்நுனி பதிந்தால் சிறிய அழுத்தத்திலேயே தெளிவான ஒலி பிறக்கும். விலகிப் பதிந்தால் தந்தி மெட்டில் உரசி இரையும். விரல் சற்றே சரிந்தாலும் அடுத்த தந்தி ஊமையாகிவிடும். இத்தகைய நுட்பங்களைக் கண்டு திருத்துவதற்காகவே மாணவர் ஆசிரியரை நாடினர்.

ஏட்டில் வந்த ஆசான்

ஆசிரியரைத் தொலைவிலிருந்து வரவழைக்கும் முயற்சி இணையத்தோடு தோன்றியதன்று. கித்தாரின் உறவுக்கருவியாகிய விவேலாவுக்கு லூயிஸ் மிலான் எழுதிய நூல் ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகரில் 1536இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘எல் மேஸ்ட்ரோ’. ‘ஆசான்’ என்பது அதன் பொருள். எளியவற்றில் தொடங்கி அரியவற்றை நோக்கிச் செல்லும் வகையில் அதன் பாடங்கள் அமைந்திருந்தன. கோடுகள் தந்திகளையும், அவற்றின்மேல் எழுதப்பட்ட எண்கள் மெட்டுகளையும் குறித்தன. இந்தக் குறியீட்டு முறையின் வழித்தோன்றலே இன்றைய இணையப் பாடங்களில் ‘டேப்’ என வழங்குகிறது. எவ்வளவு விரைவாக வாசிக்க வேண்டும் என்பதையும் மிலான் சொற்களால் எழுதிவைத்தார். அருகில் இல்லாத ஆசான் எதையெல்லாம் சொல்லியிருப்பார் என எண்ணிப்பார்த்து எழுதப்பட்ட நூல் அது.

பின்னர், ஃபெர்னாண்டோ சோர் தம் கித்தார் பயிற்சி நூலை 1830இல் பாரிசில் வெளியிட்டார். இங்கிலாந்தில் பெர்ட் வீடன் 1957இல் எழுதிய ‘பிளே இன் எ டே’ என்னும் நூலைக்கொண்டு பயின்றவர்களுள் எரிக் கிளாப்டன், ஜார்ஜ் ஹாரிசன் போன்ற புகழ்பெற்ற கலைஞர்களும் உண்டு.

ஒலிநாடாவும் இணையமும்

நூலுக்குக் குரல் இல்லை. வாசித்தது சரிதானா என ஒப்பிட்டுப் பார்க்க மாணவரிடம் ஒலி இல்லை. அமெரிக்க நாட்டார் இசைக்கலைஞர் ஹாப்பி டிராம் 1967இல் தொடங்கிய ‘ஹோம்ஸ்பன்’ நிறுவனம் இக்குறையை நீக்க முயன்றது. தேர்ந்த கலைஞர்களின் பாடங்கள் ஒலிநாடாவில் பதிவாகி அஞ்சலில் மாணவரின் இல்லம் சேர்ந்தன. புரியாத இடத்தை நாடாவைப் பின்னோட்டி மீண்டும் மீண்டும் கேட்கலாம், நாடா சலிப்படைவதில்லை.

ஒலியோடு காட்சியையும் இணைத்து எல்லோர் கைக்கும் கொண்டுசேர்த்தது இணையம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்து, இலண்டனில் கித்தார் ஆசிரியராகப் பணியாற்றிய ஜஸ்டின் சாண்டர்கோ 2003இல் தம் இணையதளத்தைத் தொடங்கினார். தொடக்கநிலைப் பாடங்களைக் கட்டணமின்றி வழங்கினார். அவர் கற்பிக்கும் பயிற்சிகளுள் ஒன்று மிக எளியது. இரண்டு கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மாற்றங்கள் முடிந்தன என எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அவ்வெண் உயர்ந்ததா எனப் பார்க்க வேண்டும். அனுபவம் மிக்க ஆசிரியரின் நுண்ணறிவு இங்கே புலப்படுகிறது. தம்மால் காண இயலாத மாணவரின் வளர்ச்சியை, அம்மாணவரே அளந்தறியும் கருவியாக அவர் அப்பயிற்சியை அமைத்தார்.

பிழையைக் காண்பவர் யார்?

ஏகலைவன் கதை நாம் அறிந்ததே. துரோணரின் மண்ணுருவத்தை முன்நிறுத்தி அவன் வில்வித்தை பயின்றான். அவ்வுருவத்தை அவன் கண்டான்; அவ்வுருவம் அவனைக் காணவில்லை. பதிவுசெய்யப்பட்ட காணொளியின் நிலையும் அதுவே. மணிக்கட்டு அளவுக்கு மீறி வளைந்திருப்பதையோ, தோள் இறுகியிருப்பதையோ திரையில் தோன்றும் ஆசிரியர் அறியார். தவறான பிடியும் பழகப்பழக உறுதிப்படும். நாள்தோறும் தொடரும் தவறான பிடி தசைநாண்களுக்கு வலியையும் தரக்கூடும்.

நேரலை வகுப்பு இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் தொலைவு செல்லும். எதிரெதிரே ஒரு மீட்டர் இடைவெளியில் அமர்ந்தவர்களுக்கு இடையே மூன்று மில்லி வினாடி அளவே தாமதம் நேரும். இணைய உரையாடலிலோ இத்தாமதம் பன்மடங்காகிறது. முப்பது மில்லி வினாடியைக் கடந்தாலே இருவர் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிப்பது கடினம். எனவே நேரலையில் ஆசிரியர் வாசித்து முடித்த பின்னரே மாணவர் வாசிக்க வேண்டியுள்ளது. சேர்ந்திசைக்கும்போது கைவரும் தாள உணர்வை மாணவர் வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

தன்னைத் தானே கேட்டல்

இந்நிலையில், ஆசிரியரின் செவியாக மாணவரே மாற வேண்டியவராகிறார். அதற்கு வழிகள் உண்டு. கார்டின் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டி, எது இரைகிறது, எது ஊமையாகிறது எனக் கண்டறியலாம். மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியைக் குறைந்த விரைவில் ஒலிக்கவிட்டு, பிழையின்றி வாசித்த பின்னரே விரைவைக் கூட்டலாம். தம் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து மறுநாள் கேட்கலாம். வாசிக்கும்போது மறைந்திருந்த பிழை கேட்கும்போது வெளிப்படும். அப்பதிவை ஆசிரியருக்கு அனுப்பினால், அவரும் கண்டு திருத்த இயலும்.

இவை எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒழுங்கு. பாடங்கள் எண்ணற்றுக் கிடைக்கும்போது, ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும் மனம் இயல்பாகவே எழும். பத்துப் பாடல்களின் தொடக்கத்தை மட்டும் அறிந்தவர் ஒரு பாடலையும் முழுதாய் இசைக்க இயலாதவராகிறார். ஓர் ஆசிரியரைத் தேர்ந்து, அவர் வகுத்த வரிசையிலேயே சென்று, நாள்தோறும் சிறிது நேரமேனும் பயில்பவரின் விரல்நுனி மெல்லக் காய்த்துப்போகும். தந்தி தரும் வலி மறையும். கார்டு தானே கைக்கு வரும்.

வழியைக் காட்ட ஆசான் திரையில் வந்துவிட்டார். அவ்வழியில் நடந்தோமா என்பதை நாள்தோறும் நமக்குச் சொல்வது நம் செவியே. அதனை நேர்மையாகக் கேட்கப் பழகுவதே இணையவழிக் கல்வியின் முதற்பாடம்.

தெரியுமா?

இசையமைப்பாளர் இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைப் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்விலும் வெற்றி பெற்றார். தேர்வு நடத்திய கல்லூரி கடலுக்கு அப்பால் இருந்தது. பிழை திருத்திய ஆசான் அருகில் இருந்தார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் இணையத்தின்வழிக் கற்ற ஒரு திறனையும், அதில் ஆசிரியரின் நேரடித் துணை தேவைப்பட்ட இடத்தையும் வகுப்பில் எடுத்துரைக்க.
2. ஒரு பாடலை நீங்களே பாடிப் பதிவுசெய்து, மறுநாள் கேட்டு, கண்டறிந்த பிழைகளைப் பட்டியலிடுக.

மதிப்பீடு

1. ‘எல் மேஸ்ட்ரோ’ என்னும் பெயர் அந்நூலுக்குப் பொருந்துமாற்றை விளக்குக.
2. நேரலை வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க இயலாமைக்குக் காரணம் யாது?
3. ‘ஆசிரியரின் செவியாக மாணவரே மாற வேண்டும்’ – பாடப்பகுதிவழி நிறுவுக.