பெட்டியில் வரும் என்ஜின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய வில்லிஸ் ஜீப்போ அம்பாசிடரோ கைக்கு வந்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து முடித்ததும் பேச்சு என்ஜினுக்குத்தான் போகும். புதுச்சேரியில் இந்த ஆசை இப்போது இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. ஃபைபர் பாடி, பைப் சட்டம், சஸ்பென்ஷன் எல்லாம் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு ஹாட் ராட் கட்ட வேண்டும், அதில் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வரும் புத்தம்புது வி-8 என்ஜினை இறக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. அதைச் சுற்றிப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகள்தான் லட்சங்களைத் தின்றுவிட்டு, வண்டியை ஷெட்டைவிட்டு நகர விடாமல் செய்கின்றன.

“பி.ஒய். நம்பர் வாங்கிவிட்டால் போதும், இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.”

புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்பதால் பிறந்த நம்பிக்கை இது. வரியை இங்குள்ள அரசு தீர்மானிக்கலாம். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அதன் 52-ஆம் பிரிவு. மாற்றம் செய்த வண்டிகள் பற்றிய கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண், சி.சி., எரிபொருள் எல்லாம் இருக்கின்றன. 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்கக் கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார். அதைவிடப் பெரிய கவலை விபத்து. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். அதே தயாரிப்பில், அதே வகையில் இன்னொரு என்ஜினைப் போட்டு, ரசீதைக் காட்டி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வதுதான் நேர்வழி. அனுமதி பெற்ற கிட் மூலம் கேஸுக்கோ பேட்டரிக்கோ மாறவும் சட்டம் இடம் தருகிறது. எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

வீட்டில் கட்டிய வண்டிக்கு ஆர்.சி.யே கிடையாது. புதிய வண்டி ஒன்று சாலைக்கு வர வேண்டுமென்றால் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்களில் சோதனை முடித்துச் சான்று பெற வேண்டும். அது தயாரிப்பு நிறுவனங்களுக்காக வைத்த வழி. ஒரே ஒரு வண்டிக்காகத் தனி ஆள் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே அப்படிப்பட்ட வண்டியைப் பந்தயத் தடத்துக்கென்றே கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுவதே நியாயம். இருங்காட்டுக்கோட்டை தடம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

“50 வருஷம் தாண்டிய வண்டி விண்டேஜ், அதற்கு எல்லாம் விலக்கு.”

உண்மை இதற்கு நேர் எதிர். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி, சேசிஸையும் பாடியையும் என்ஜினையும் மாற்றாமல் மூல வடிவில் காத்த வண்டிகளுக்கு மட்டும்தான். வி-8 இறங்கிய அன்றே அந்தத் தகுதி போய்விடும். விண்டேஜ் நம்பர் வாங்கினாலும் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது.

“குதிரைசக்தி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு நல்ல ஹாட் ராட்.”

அதிகப் பணத்தை வீணாக்குவது இந்த நம்பிக்கைதான். ஹாட் ராட் பிறந்த கலிஃபோர்னியாவில் 1930-களின் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி எடை குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அவர்கள் கொண்டாடிய 1932 ஃபோர்டு வி-8 தந்தது 65 எச்.பி. நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பல இன்று அதைவிட அதிகம் தருகின்றன. வேகம் எடைக் குறைப்பிலிருந்தும் கைவேலையிலிருந்தும் வந்தது.

நமக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. அந்தப் பந்தய உலகம் தந்தவர் கோவையின் கரிவரதன். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை பந்தயக் காருக்கு எந்த என்ஜினைத் தேர்ந்தெடுத்தார்? மாருதி 800-இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் என்ஜின். 40 எச்.பி.கூடத் தேறாது. ஆனால் எடை குறைவு, கியர்பாக்ஸ் கூடவே வந்தது, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைத்தது, கெட்டால் அன்றே சரிசெய்யலாம். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகைக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். என்ஜின் தேர்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் கரிவரதனின் அந்த முடிவைத்தான் நான் காட்டுவேன்.

இந்தியாவில் சிறு அளவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டிய மற்றவர்களும் இந்த வழியில்தான் போனார்கள். அலிபாக்கில் கட்டிய சிங்காரா ரோட்ஸ்டரில் இருந்தது அம்பாசிடருக்கும் கான்டெசாவுக்கும் வந்த 1.8 லிட்டர் இசுசூ என்ஜின். சான் ஸ்டார்மில் இருந்தது ரெனோவின் 1,149 சி.சி. என்ஜின். கான்டெசாவின் கதை இன்னும் தெளிவானது. 1984-இல் பழைய 1.5 லிட்டர் என்ஜினோடு வந்து, கனமான பாடியை இழுக்கத் திணறியது. பிறகு இசுசூ என்ஜினைப் போட்டபோது நிறுவனம் என்ஜினை மட்டும் மாற்றவில்லை, ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே கொடுத்தது.

பட்டறையில் பலரும் விடும் கோட்டை இதுதான். பழைய அம்பாசிடர் என்ஜினின் டார்க் சுமார் 100 நியூட்டன் மீட்டர். பெட்டியில் வரும் செவர்லே 350-இன் அடிப்படை வகையே சுமார் 440 தரும். நான்கு மடங்குக்கும் மேல். முதல் கியரில் அழுத்திக் கிளட்சை விட்டால் கியர்பாக்ஸ் பல்லோ, பின் ஹவுசிங்கில் கிரௌன் பினியனோ உதிரும். அதைத் தாங்கும் ஆக்ஸிலைப் போட்டால் பிரேக் பாக்கி. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி அதற்குச் செய்ததல்ல. முதலில் பிரேக், பிறகு ஆக்ஸில், பிறகு கியர்பாக்ஸ், இவை மூன்றும் எவ்வளவு தாங்கும் என்று எழுதிவைத்துக்கொண்டு கடைசியில் என்ஜினைத் தேடுங்கள்.

“பெட்டியைப் பிரித்தால் எல்லாம் உள்ளே இருக்கும்.”

பெரும்பாலும் இருக்காது. விலை குறைந்த பெட்டிகளில் பிளாக், ஹெட், கிராங்க், கேம் இவ்வளவுதான். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் மேனிஃபோல்டு, வயரிங் எல்லாம் தனி விலை, தனிச் சுங்க வரி. பிறகு பொருத்தும் வேலை. செவர்லே வி-8-களில் ஸ்டார்ட்டர் வலது பக்கம். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் அங்கே இடைஞ்சலில்லை. நம் வண்டியில் ஸ்டியரிங் ராடு இறங்குவதும் அதே வலது பக்கம்தான். ராடு, ஸ்டார்ட்டர், கொதிக்கும் மேனிஃபோல்டு மூன்றும் ஒரு கை நுழையாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆர்டர் கொடுக்கும் முன் என்ஜினின் வெளி அளவை அட்டையில் வெட்டி, சட்டத்துக்குள் இறக்கிப் பாருங்கள்.

“கேட்பது 92 ஆக்டேன், நம் பங்கில் 95 கிடைக்கிறது, பிறகென்ன?”

இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. நம் பங்கில் போடுவது ஆர்.ஓ.என். என்ற சோதனையின் எண். அமெரிக்க பங்கில் போடுவது இரண்டு சோதனைகளின் சராசரி. அது எப்போதும் நான்கைந்து எண் குறைவாகவே இருக்கும். அங்கே 87 என்பது இங்கே சுமார் 91, அங்கே 92 என்பது இங்கே சுமார் 97. 95 பெட்ரோல் ஊற்றி, மே மாத வெயிலில் மேடேறும்போது என்ஜின் தட்டத் தொடங்கினால் பிஸ்டனில் ஓட்டை விழ நாளாகாது. கம்ப்ரெஷன் 9-க்கு அருகில் இருக்கும் வகையை எடுப்பது நல்லது.

இப்போது வரும் இ-20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு அளவு வைத்த கார்புரேட்டர் இதில் எரிபொருளைக் குறைவாக விட்டது போலாகிவிடும். சூடு ஏறும். ஜெட்டைச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக விடும்படி மாற்ற வேண்டும். எத்தனால் தாங்காத பழைய ரப்பர் குழாய்களைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

“புது என்ஜினை முதல் நாள் மெதுவாக ஐடிலில் ஓடவிட வேண்டும்.”

பழைய பாணித் தட்டை டாப்பெட் கேம் உள்ள என்ஜினை இது கொன்றுவிடும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. ஸ்டார்ட் ஆன கணத்திலிருந்து 20 நிமிடமாவது 2,000 சுற்றுக்குக் குறையாமல், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஆயிலிலும் கவனம் தேவை. இன்றைய கார்களுக்கான ஆயிலில் துத்தநாகச் சேர்மம் குறைவு, இந்த வகைக் கேமுக்கு அது கூடுதலாக உள்ள ஆயில் வேண்டும். ரோலர் டாப்பெட் உள்ளதை வாங்கினால் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன். ரேடியேட்டரில் தண்ணீர், ஆயில் பிரஷர், டைமிங் மூன்றையும் சரிபார்த்த பிறகே முதல் முறை சாவியைத் திருப்புங்கள்.