இரவில் வயலுக்குச் செல்வோர்க்கு ஏற்ற சிறு மின்சூள்

சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் நள்ளிரவிலும் வந்துசேரும். மடை திறக்கச் செல்லும் கமக்காரர் பலர், பெரிய ரோச் லைற்றை வீட்டில் வைத்துவிட்டு, நிலவொளியை நம்பி வரம்பில் நடப்பர். கண்ணாடி விரியன் மண்ணோடும் வைக்கோலோடும் நிறமொத்துப் பெரும்பாலும் அசையாது கிடக்கும். அது கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே. ஆதலால் எந்நேரமும் சாறத்தின் மடியிலோ சட்டைப் பையிலோ இருக்கத்தக்க சிறிய மின்சூளொன்று, வீட்டிலிருக்கும் பெரியதிலும் பயனுடையது.

இக்காலச் சிறு மின்சூள்களில் குமிழுக்குப் பதிலாக ஒளிகாலும் இருவாயி (எல்.ஈ.டி.) பொருத்தப்பட்டிருக்கும். ஒளியின் அளவு லூமெனிற் கூறப்படும். வரம்பில் நடப்பதற்கு 100 லூமென் போதியது. தூரத்து மடையையோ வேலியையோ நோக்க 300 வரை இருத்தல் நன்று. விரலளவான மலிவு விளக்கொன்றின் பெட்டியில் 10,000 லூமென் என அச்சிட்டிருப்பின் அதனை நம்பற்க.

லூமெனிலும் முக்கியமானது ஒளி விழும் வகையாகும். நடுவில் மாத்திரம் கூரிய பொட்டாக விழும் ஒளி தூரத்தைக் காட்டும். காலடியின் இருபுறத்தையும் இருளில் விட்டுவிடும். பாம்பு கிடப்பதோ அவ்விருளில். கடையில் வாங்குமுன் சுவரருகே பிடித்துப் பார்த்து, அகலமாகப் பரவும் ஒளியுடையதைத் தெரிந்தெடுக்கவேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளொளியில் கபில நிறங்கள் வெளிறித் தோன்றும்; சற்று மஞ்சள் சார்ந்த ஒளியில் மண்ணையும் பாம்பையும் வேறுபிரித்தறிதல் எளிது.

வயலில் விளக்கு நீரில் விழாதிருப்பது அரிது. ஐ.பி.எக்ஸ். 7 என்னும் குறியுடையது, 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதடையாதவாறு அமைக்கப்பட்டது. ஐ.பி.எக்ஸ். 4 தெறிக்கும் நீரை மாத்திரமே தாங்கும். மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருப்பின் எக்குறியும் பயன்தராது.

பற்றறியைப் பொறுத்தவரை, மின்சாரம் எளிதிற் கிட்டாத வாடியிற் தங்குவோர்க்குக் கிராமக் கடையிலும் கிடைக்கும் பென்ரோச் பற்றறியே (டபிள் ஏ அளவு) தக்கது. வீட்டில் மின்னூட்ட வசதியுள்ளோர் 18650 எனப்படும் இலிதியப் பற்றறியுடையதை வாங்கலாம். அது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. 9,900 மில்லி அம்பியர் மணி என எழுதப்பட்ட இவ்வகைப் பற்றறிகள் பொய்ப் பெயருடையன. நல்லவற்றில் 3,500 அளவே காணப்படும். இவற்றை வெயிலில் நிற்கும் உழவியந்திரத்தின் மேல் விட்டுவைத்தல் ஆபத்தாகும்.

ஒரு கையில் மண்வெட்டி இருக்கும். ஆகவே ஆளி சேறுபடிந்த பெருவிரலாலும் அழுத்தத்தக்கதாயிருத்தல் வேண்டும். முதல் அழுத்தலிலேயே மின்னி மின்னி எரியும் விளக்கு கமத்துக்கு ஆகாது. மடையில் இரு கைகளாலும் வேலைசெய்வோர் தலையிற் கட்டும் வகையை விரும்பலாம். ஆயினும் அது வீட்டு ஆணியிற் தொங்கிவிடுவதே வழக்கம்.

போகம் முடிந்ததும் பென்ரோச் பற்றறிகளைக் கழற்றி வைக்கவேண்டும். உள்ளே மாதக்கணக்கில் கிடந்தால் அவை கசிந்து உலோகத் தகட்டை அரித்துவிடும். அடுத்த போகத்தின் முதல் இரவில் விளக்கு எரியாது.